இரண்டு போன், ஒரே முருகன்

"அத்தை, போனுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

ஐந்து வருடங்களுக்கு முன்பு புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு போன் கடையில், முன்பின் தெரியாத ஒரு குழந்தை பிரகதீஸ்வரியின் சேலையை இழுத்துக் கேட்ட கேள்வி இது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "கண்ணாடி இருக்கறதுதான் பாப்பா முன்பக்கம்" என்றார் கடைக்காரர். குழந்தை போனை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, நம்பாத முகத்தோடு போய்விட்டது. பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை. அதே வீதியில் ஒரு மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். கேட்டவரைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த கேள்வி வராது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மேசைமேல் ஒரு போன் கிடந்தது. எதிர் நாற்காலியில் தேவிப்ரியா. இருபத்திரண்டு வயது. அழுது முடித்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொட்டு மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது.

"அன்னவாசல் பக்கம் சின்னக்குன்று முருகன் கோயில்ல போன் வாங்கி வைக்கிற கவுண்டர்ல இருக்கேன் மேடம். போனோட உள்ள விடமாட்டாங்கள்ல, அதான். செவ்வாக்கிழமை கிருத்திகை. சரியான கூட்டம். அரிமளம் தேங்கா மண்டி கண்ணுசாமி ஐயாவோட போன் ஒரு அம்மாகிட்ட போயிருச்சு. அந்த அம்மாவோட போன்தான் இது. அவங்க யாருன்னு தெரியலை."

"கண்ணுசாமி என்ன சொல்றார்?"

"நானும் அந்த அம்மாவும் கூட்டுக் களவாணிங்கன்னு கவுண்டர்ல எல்லார் முன்னாடியும் கத்துனாரு. எட்டாயிரம் ரூவா போனை விட்டுட்டு லட்ச ரூவா போனைத் தூக்கிட்டோமாம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கெடைக்கலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துருவாராம். எங்க கான்ட்ராக்டர் சிவபிரகாஷ் சார், போன் கெடைச்சாலும் தப்பு என்னோடதுன்னா வேலை கெடையாதுன்னுட்டாரு. அவரும் ஆறு மணிக்குத்தான் முடிவு சொல்றேன்னுருக்காரு."

"டோக்கன் பார்த்துத்தானே குடுத்த?"

தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். "கூட்டம் மேடம்" என்றாள்.

பிரகதீஸ்வரி அந்தப் பதிலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, "ஃபாரூக்" என்று கூப்பிட்டாள்.

அவளுடைய உதவியாளன் உமர் ஃபாரூக் உள்ளே வந்தான். கோட்டைப்பட்டினத்துக்காரன். ஆறு வருடம் ஷார்ஜாவில் போன் பழுது பார்த்துவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று புதுக்கோட்டைக்குத் திரும்பியவன். அந்தக் காரணத்தை யாரும் இதுவரை நம்பியதில்லை.

"மொதல்ல கண்ணுசாமியைக் கேப்போம்" என்று பிரகதீஸ்வரி எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் தன் கணக்குப்பிள்ளையின் போனில்தான் பேசினார்.

"என் போன் விக்டா. விக்டாவுலயே பெருசு. நூறு மடங்கு ஜூம். நிலாவுல இருக்கற பள்ளம் தெரியும்!"

"அதுல நீங்க என்னங்கய்யா எடுப்பீங்க?" என்றான் ஃபாரூக்.

"தேங்கா லோடு."

"கூகுள்ல போட்டா போன் எங்க இருக்குன்னு காட்டுமே?"

"அதுக்கு மெயிலு வேணுமாம். வாங்கறப்ப கடைப் பையன்தான் போட்டுக் குடுத்தான். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். அவன் இப்ப மலேசியாவுல இருக்கான்."

"போன் அடிக்குதாங்க?" என்றாள் பிரகதீஸ்வரி.

"ரெண்டு நாளா அடிக்குது, எவனும் எடுக்கலை. திருட்டுப் பயலுக!"

"ஒங்க டோக்கன் நம்பர் என்னங்க?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறா? போனைக் கண்டுபிடிங்கம்மா" என்று இணைப்பைத் துண்டித்தார்.

பிரகதீஸ்வரி சிரித்தாள். "நல்ல சேதி சொன்னார். திருடினவங்க மொதல்ல என்ன செய்வாங்க ஃபாரூக்?"

"ஆஃப் பண்ணிட்டு சிம்மைக் கழட்டி வாய்க்கால்ல போடுவாங்க."

"இது ரெண்டு நாளா அடிச்சுக்கிட்டே இருக்கு. அதனால இது திருட்டு இல்லை. ஆனா எடுக்கவும் இல்லை. அது ஏன்னு தெரிஞ்சா போதும். இப்ப இந்தப் போன் என்ன சொல்லுதுன்னு பாரு."

ஃபாரூக் மேசைமேல் இருந்த போனை எடுத்தான். கடையில் விற்கிறவன் குரல் அவனுக்குத் தானாக வந்துவிட்டது.

"வாங்கம்மா வாங்க. இது ஜிங்கோ. விக்டாவோட ஒப்பிட்டுப் பாருங்க. விக்டாவுக்கு நாலு கேமரா, இதுக்கு ரெண்டு, அதுல ஒண்ணு சும்மா அழகுக்கு. விக்டா தண்ணியில விழுந்தா நீந்தும், இது முங்கும். ஆனா விக்டாவுல இயர்போன் ஓட்டை கெடையாது, எஃப்எம் ரேடியோவும் கெடையாது. இதுல ரெண்டும் இருக்கு. வெலை ஏற ஏற போன்ல ஓட்டை கொறையும். பணக்காரங்க காது மாதிரி, எதுவும் உள்ள போகாது."

"விஷயத்துக்கு வா."

"இயர்போன் ஓட்டை தேஞ்சு பளபளன்னு கெடக்கு. பூட்டைத் திறக்க கோலம் மாதிரி ஒரு கோடு போடணும், அது நமக்குத் தெரியாது. ரீசார்ஜ் முடிஞ்சு மாசக்கணக்காச்சு போல, அதனால இதுக்கு யாரும் கூப்பிட முடியாது. ஆக இந்தம்மாவுக்கு இது போனே இல்லை. ரேடியோ."

"பின்னாடி திருப்பு."

போனின் முதுகில் ஒரு கண்ணாடிக் கவர். அதற்குள் சின்ன முருகன் படம் ஒன்று செருகியிருந்தது.

"போன தைப்பூசத்துக்குக் கோயில்ல குடுத்த படம் மேடம்" என்றாள் தேவிப்ரியா. "எங்க சுத்துப்பட்டுல பாதிப் பேரு போன்ல இதுதான். கண்ணுசாமி ஐயா போன்லயும் இதேதான். கறுப்புப் போன், கண்ணாடிக் கவர், இதே முருகன். கவுத்து வச்சா எது எதுன்னே தெரியாது."

பிரகதீஸ்வரி படத்தை மெல்ல விலக்கினாள். அடியில் ஒரு வட்டக் குழி. "இது என்ன?"

"விரல் ரேகை வைக்கிற இடம்" என்றான் ஃபாரூக். "விக்டாவுல அது கண்ணாடிக்குள்ளயே இருக்கும். ஜிங்கோவுல முதுகுல. விரலை வச்சா தொறக்கும். ஆனா இங்க முருகன் மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"ஒரு தொடுதல்ல திறக்கற வசதியை மறைச்சுட்டு, கஷ்டப்பட்டுக் கோடு போட்டுத் திறக்கறாங்க. ஏன்?"

"பக்தி?"

"பக்தி இருக்கறவங்களுக்கும் விரல் இருக்கும். ஓரத்துல இந்தக் கறையைப் பாரு. மோந்து பாரு."

கவரின் விளிம்பில் நான்கு விரல் பிடிக்கும் இடங்களில் தார் போல ஒரு கறை. ஃபாரூக் மோந்துவிட்டு முகம் சுளித்தான். "முந்திரிக் கொட்டை. அதை ஒடைக்கறப்ப தெறிக்கிற எண்ணெய். தோலை உரிச்சுரும். வருஷக்கணக்கா ஒடைக்கறவங்களுக்கு விரல்ல ரேகையே இருக்காது. ரேஷன் கடை மிஷின் அவங்களை ஆளில்லைன்னு சொல்லும்."

"அந்த வட்டக் குழி அவங்களுக்கு உதவவே உதவாது. அதனாலதான் அங்க முருகனை உக்கார வச்சுட்டாங்க. இங்க முந்திரி ஒடைக்கிற ஊர் ஆதனக்கோட்டை. கிளம்பு."

"இருங்கக்கா, இன்னொண்ணு." ஃபாரூக் ஒரு ஊசியால் இயர்போன் ஓட்டையைக் கிளறினான். மேசைமேல் உருண்டு விழுந்தது ஒரு கடுகு. தாளித்த கடுகு. "எஃப்எம்-ல சமையல் நிகழ்ச்சி ரொம்ப ஓடிருக்கு போல."

பிரகதீஸ்வரி கடுகை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். தேவிப்ரியாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பிரகதீஸ்வரி அதைப் பார்த்தாள், கேட்கவில்லை.

ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்த ஃபாரூக் தஞ்சாவூர் ரோடு முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தான்.

"சினிமாவுல துப்பறியறவங்களுக்கெல்லாம் கார் இருக்கு. உதவியாளுக்கு ஹெல்மெட்டாவது இருக்கு."

"ஒன் தலைக்கு ஏத்த அளவு கெடைக்கலை. அதான் தாமதம்."

"மூளை பெருசுங்கறீங்க."

"முடி பெருசுங்கறேன்."

ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் வறுத்த முந்திரி விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. அதற்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய விரல்களும் ஒரே கறுப்பு.

"போனைக் காட்டி யாருதுன்னு கேக்கலாமா?" என்றான் ஃபாரூக்.

"ஜிங்கோ போனும் முருகன் படமும் இங்க பாதிப் பேர்கிட்ட இருக்கும். வேற மாதிரி கேளு."

ஃபாரூக் யோசித்தான். பிறகு கொட்டகை வாசலில் நின்று சத்தமாகக் கேட்டான். "ஆத்தாமாரே! இங்கிட்டு ரெண்டு நாளா ரேடியோ கேக்க முடியாம கடுப்புல இருக்கறது யாரு?"

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

"இந்தா இருக்காள்ல, முத்துமாரி! காதுல மாட்டுனா கழட்டவே மாட்டா. ரெண்டு நாளாத்தான் எங்ககூடப் பேசுறா!"

"பேசுறாளா? பாடுறாடி. காது வலிக்குது. தம்பி, புண்ணியமாப் போகும், அவ போனை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டுப் போ!"

முத்துமாரியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வெட்கத்தோடு எழுந்து வந்தார். "நீங்க போன் ரிப்பேருங்களா? அது கோவிச்சுக்கிச்சுய்யா. கோயிலுக்குப் போயிட்டு வந்ததுலேருந்து ஓட்டை அடைஞ்சுபோச்சு. ஊக்கை வச்சுக் குத்திப் பாத்தேன். பக்கத்துலேருந்து ஒரு சின்னத் தட்டு வெளிய வந்துச்சு. பயந்துபோய் உள்ள தள்ளிட்டேன்."

"அது சிம் தட்டு" என்று முனகிய ஃபாரூக், நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "லட்ச ரூவா போனுக்கு ஊக்கு வைத்தியம்."

"எம் மக இனியா திருச்சியில நர்சிங் படிக்குது. சனிக்கிழமை வரும். அதுதான் கோடு போட்டுத் தொறக்கும். எனக்கு ஓட்டையில செருகுனா ரேடியோ பாடும், அவ்வளவுதான் தெரியும். அதுவரைக்கும் கெடக்கட்டும்னு சாமிகிட்ட வச்சுட்டேன்."

வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரே அறை. சுவரில் ஒரு பலகை, அதில் சாமி படங்கள், விளக்கு, திருநீற்றுத் தட்டு. அவற்றுக்கு நடுவே போன். கண்ணாடி கீழே கவிழ்ந்திருந்தது. முதுகில் இருந்த முருகன் மேலே பார்த்து நின்றார். அவருக்கு ஒரு செம்பருத்தி வைத்திருந்தது.

"கூப்பிடு" என்றாள் பிரகதீஸ்வரி மெதுவாக.

ஃபாரூக் கண்ணுசாமியின் எண்ணை அழுத்தினான். அவன் காதில் மணி போய்க்கொண்டிருந்தது. பலகைமேல் போன் மூச்சுக்கூட விடவில்லை. பிரகதீஸ்வரி பூவை எடுத்து வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மேலே திருப்பினாள்.

அறை அதிர்ந்தது. நாதஸ்வரமும் தவிலுமாக அது அலறியது. முத்துமாரியம்மாள் இரண்டடி பின்னால் போனார். "முருகா! இது என்னோட சத்தம் இல்லையே!"

"அதான் ஆத்தா, இது ஒங்க போனே இல்லை" என்றான் ஃபாரூக். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "கவுத்து வச்சா வாயை மூடிக்கிற வசதி! விக்டாவுல அது உண்டு. ஜிங்கோவை எப்படிப் போட்டாலும் கத்தும். அறுபத்தோரு தடவை கூப்பிட்டிருக்காரு அந்த மனுஷன்!"

"எதுக்கும்மா கவுத்து வச்சீங்க?" என்றாள் பிரகதீஸ்வரி.

முத்துமாரியம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. "கவுத்து எங்கம்மா வச்சேன்? நேராத்தானே வச்சிருக்கேன். சாமி மொகம் மேலதானே இருந்துச்சு?"

பிரகதீஸ்வரி அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். போன் செய்த கம்பெனிக்கு ஒரு முன்பக்கம். கும்பிடுகிறவருக்கு வேறொரு முன்பக்கம். ஐந்து வருடம் கழித்துப் பதில் கிடைத்திருந்தது.

அவள் போனை மூக்கருகே கொண்டுபோனாள். ஜிங்கோவையும் வாங்கி மோந்தாள். இரண்டிலும் ஒரே வாசனை. பெருங்காயம். விக்டாவின் சார்ஜர் ஓட்டையில் இன்னொரு கடுகு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, கோயில்ல ஒங்க போனை அந்தப் பொண்ணு எங்க வச்சுது?"

"டோக்கன் தீந்துபோச்சுன்னு சொல்லுச்சும்மா. நான் ரெண்டு பஸ் மாறி வந்தேனா, திரும்பிப் போறேன்னு சொன்னதும் அதுக்கு மனசு கேக்கலை. தன்னோட சோத்து டப்பாவுல இருந்த புளிசாதத்தை ஒரு எலையில தட்டிட்டு, டப்பாவைத் தொடச்சு என் போனை வச்சுக்கிச்சு. அப்பறம் ஒரு பெரிய மீசைக்காரர் வந்தாரு. டோக்கன் இல்லைன்னதும், நான் யாரு தெரியுமான்னு ஒரே சத்தம். அவரு போனையும் அந்த டப்பாவுலயே திணிச்சுட்டுப் போனாரு."

ஃபாரூக் மெல்ல விசிலடித்தான். "டோக்கன் நம்பர் ஞாபகம் இல்லைன்னாரே!"

"இல்லாத நம்பர் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றாள் பிரகதீஸ்வரி.

ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. போன் கிடைத்துவிட்டது, அதனாலேயே தேவிப்ரியாவின் வேலை போகப்போகிறது. டோக்கன் இல்லாமல் போன் வாங்கியது அவள்தான். ஒருவருக்கு இரங்கியதும், இன்னொருவரின் சத்தத்துக்குப் பணிந்ததும்தான் அவள் செய்த தப்பு. காலையில் அவள் தலையைக் குனிந்தது அதனால்தான்.

முத்துமாரியம்மாள் தன் ஜிங்கோவை வாங்கி இயர்போனைச் செருகிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அந்த மீசைக்கார ஐயாவுக்கு ரொம்பக் கஷ்டமாயிருச்சுங்களா? நான் வேணா வந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"வேண்டாம்மா. நீங்க பூ வச்சுக் காப்பாத்துனதை நான் சொல்லிக்கிறேன்."

அரிமளம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். மண்டியில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. கண்ணுசாமி போனை வாங்கித் துண்டால் துடைத்து, நான்கு கேமராவையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"எவன் எடுத்தது?"

"யாரும் எடுக்கலைங்க. பூ வச்சுக் கும்பிட்டுக்கிட்டிருந்தாங்க" என்று பிரகதீஸ்வரி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கடைசியில் தாளைப் பிரித்து இரண்டு கடுகையும் அவர் மேசைமேல் வைத்தாள். "ஒண்ணு அந்த அம்மா போன்ல இருந்துச்சு. ஒண்ணு ஒங்க போன்ல."

கண்ணுசாமி கடுகைப் பார்த்தார். மீசையைத் தடவிய கை பாதியில் நின்றது. கணக்குப்பிள்ளை வீரய்யா எட்டிப் பார்க்க, "அங்கிட்டுப் போய் லோடைப் பாருய்யா" என்று விரட்டினார்.

"டப்பாவைக் காலி பண்ணிட்டு அந்தப் பொண்ணு என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அதை நான் கேக்கலைங்க."

"கான்ட்ராக்டர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"போன் கெடைச்சுருச்சுன்னு சொல்லுவேன். பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. மிச்சத்தைச் சொல்றது என் வேலையும் இல்லைங்க. வாரேன்."

வெளியே வந்ததும் ஃபாரூக் பொங்கினான். "அவ்வளவுதானாக்கா? ரெண்டு கடுகை வச்சுட்டு வந்துட்டீங்க? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டு, அங்கேயே போனைப் போட வச்சிருக்கலாம்ல? அந்த ஆளை நம்புறீங்களா?"

"நல்லது செய்யப்போறவங்க பக்கத்துல ஆள் நின்னா, அவங்களுக்குக் கை வராது ஃபாரூக். கொஞ்சம் எடம் விடணும்."

"விட்ட எடத்துல அவரு தேங்கா அடுக்கிட்டாருன்னா?"

"அப்ப நாளைக்குக் காலையில நான் நறுக்குன்னு கேக்குறேன். ஏறு."

ஸ்கூட்டி போனபின் கண்ணுசாமி வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது எழுந்தார். மண்டிக்குப் பின்னால், மட்டை குவித்திருக்கும் கொட்டகைக்குள் தனியாகப் போனார். தகரக் கதவைச் சாத்தினார். சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

"சிவபிரகாஷ் தம்பி, நான் கண்ணுசாமி பேசறேன். போன் கெடைச்சுருச்சு. ஆமா. கேளுங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன். டோக்கன் இல்லைன்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட எடுத்துச் சொல்லுச்சு. நாந்தான் கேக்காம சத்தம் போட்டு, அது டப்பாவுல திணிச்சுட்டுப் போனேன். தப்பு என் மேல. கூட்டத்துக்கு நடுவுல அதைத் திருடின்னு சொன்னேன் பாருங்க, அதுவும் என் தப்பு. அதை நானே கவுண்டருக்கு வந்து, அதே கூட்டத்துக்கு நடுவுல சொல்லிக்கிறேன். ஆனா வேலை விஷயம் இன்னிக்கே முடியணும்."

மறுமுனை ஏதோ கேட்டது.

"நாளைக்கு வரட்டுமாவா? வரணும். இல்லைன்னா நான் அந்தக் கோயில் படி ஏறமாட்டேன். இன்னொண்ணு தம்பி, நான் கூப்பிட்டது அந்தப் புள்ளைக்கோ, அந்தத் துப்பறியற அம்மாவுக்கோ தெரிய வேணாம்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் தட்டிவிட்டார்.

"யாருங்கய்யா போன்ல?" என்றார் வீரய்யா.

"ராங் நம்பருய்யா" என்றார் கண்ணுசாமி. "டீ சொல்லு."